கரீபியனுக்கு மிச்சம் பிடித்த காலை

கரீபியன் தீவுகளுக்குப் போகக் காசு சேர்க்கிறேன். அதனால் இன்று மலையிலுள்ள மாமா வீட்டுக்குத் தனி வண்டி பிடிக்கவில்லை. போடியில், ஏலக்காய் பறிக்கப் போகிறவர்களின் ஜீப்பில் ஏறப் போனேன்.

இடமில்லை. டிரைவர் என் தேய்த்த சட்டையைப் பார்த்தார். முன்னால் இருந்த பெண்ணிடம், "ஆத்தா, எறங்கு. அண்ணே உக்காரட்டும்" என்றார்.

"இதை விட்டா இன்னைக்குச் சோலி போச்சுப்பா."

"வெரசா எறங்கு."

அந்தப் பெண் இறங்கினார். நான் ஏறி உட்கார்ந்தேன்.

"மேல ஏதும் சாவா அப்பு?" என்று அவர் கீழே நின்றபடி கவலையாகக் கேட்டார்.

"இல்லக்கா. சும்மா, மாமா வீட்டுக்கு."

"சும்மாவா!"

எனக்கு மிச்சமானது அவருடைய இன்றைய கூலி.

தோட்டத் தொழிலாளர்களை மதிக்கவில்லை என்று ஊரையே என் பதிவுகளில் திட்டுகிறவன் நான். இன்று என்னைத் திட்ட உங்கள் முறை. கமெண்ட் திறந்தே இருக்கிறது.