தனகோடி விரட்டிய நாய்கள்

படாளத்தில் மாடு செத்தால் முதலில் தேடுவது தனகோடியைத்தான். செத்த மாட்டை ஏரிக்கரை மேட்டுக்கு இழுத்துப்போய்த் தோல் உரிப்பது அவர் வேலை. மிச்சத்தைப் பிணந்தின்னிக் கழுகுகள் பார்த்துக்கொள்ளும். ஒரே பொழுதில் எலும்பு மட்டும்தான் கிடக்கும். ஊருக்கு நாற்றமும் இல்லை, நோயும் இல்லை. ஊருக்கு இந்த இரண்டு பேரும் வேண்டும், ஆனால் இரண்டு பேருமே கண்ணில் படக் கூடாது. தனகோடி எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று வீட்டுக்குத் திரும்பிய புண்ணியவான்கள் உண்டு. அவர்கள் வீட்டு மாடு செத்தால் மட்டும் அவர் வந்தாக வேண்டும்!

தனகோடிக்கு அந்தக் கழுகுகள் மேல் அப்படி ஒரு பாசம். மேட்டைச் சுற்றியிருந்த பனைகளில் பதினான்கு இருந்தன. தோலை உரித்ததும் முதல் பந்தி அவற்றுக்குத்தான். அவை தின்று முடிக்கும்வரை நாய்களை அண்டவிட மாட்டார். கம்பை ஓங்கி விரட்டிவிட்டு, தள்ளி உட்கார்ந்து காவல் இருப்பார். ஒருமுறை, கழுகுக் கறி மூட்டுவலிக்கு மருந்து என்று இரண்டு பேர் துப்பாக்கியோடு வந்தார்கள்.

"சுட்டுக்கினு போ. அப்பால சாவுற மாட்டையெல்லாம் உன் வூட்டாண்ட கொண்டாந்து போடறேன், இன்னா சொல்ற?" என்று கேட்டு அவர்களைத் துரத்தினார்.

"என்னக்கூட இந்தாளு இப்டிக் காவல் காத்ததில்ல" என்பாள் அவர் மனைவி சம்பூர்ணம்.

எழுபத்து நாலாம் வருஷம் மாசியில், சம்பூர்ணத்தின் தம்பி துரையின் ஆடுகளை நாய்கள் குதறின. ஒரே வாரத்தில் ஐந்து ஆடு. அவனுக்கு இருந்ததே ஒன்பதுதான்.

"அடுத்த மாடு சாவட்டும் மாமா, மருந்து வெச்சிடறேன். நாயிங்க பூண்டோட ஒழியட்டும்" என்றான்.

"டேய் மச்சான், நாய் மட்டுமாடா துன்னுது? கழுகு துன்னா இன்னா ஆவறது? அந்த வேலையெல்லாம் என் மேட்டாண்ட வெச்சுக்காத."

துரை தலையாட்டினான். வயிறு எரிகிறவன் தலையாட்டினால் நம்பலாமா? தனகோடி நம்பினார்.

பத்து நாளில் ஒரு கறவை மாடு செத்தது. காலையிலேயே உரித்துவிட்டு, தோலை அலச ஏரிக்கு இறங்கினார். அரை மணி நேரம் கழித்துத் திரும்பியபோது நான்கைந்து நாய்கள் மாட்டை நெருங்கிக்கொண்டிருந்தன. வழக்கம்போல விரட்டினார். மருந்து வாடை மூக்கில் ஏறத்தான் செய்தது. பக்கத்துக் கழனியில் நெல்லுக்கு எண்ட்ரின் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். வாடை அங்கிருந்துதான் வருகிறது என்று நினைத்துவிட்டார். கழுகுகள் ஒவ்வொன்றாக இறங்கின. அவை அடித்துப் பிடித்துத் தின்பதைச் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஒன்று சாய்ந்தது. கழுத்தைத் தரையில் போட்டு இறக்கையை அடித்துக்கொண்டது. பிறகு இன்னொன்று. தனகோடிக்கு விஷயம் புரிவதற்குள் பதினொன்று விழுந்துவிட்டன. மிச்சத்தைக் கத்திக் கத்தி விரட்டினார். வீட்டுக்கு ஓடிப் புளி கரைத்து வந்து, ஒவ்வொன்றின் அலகையும் பிளந்து ஊற்றினார். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

விஷயம் தெரிந்து துரை ஓடிவந்தான். "நாயிங்கதான் மொதல்ல வரும்னு நெனச்சேன் மாமா. நீ ஏரில தோல அலசிக்கினு வர்றதுக்குள்ள அதுங்க துன்னுடும்னு..."

"நாயிங்கதாண்டா மொதல்ல வந்துச்சு" என்றார் தனகோடி. "நான்தான் தொரத்துனேன்."

அவர் துரையை அடிக்கவில்லை. பதினொரு கழுகுகளையும் மாட்டையும் ஒரே குழியில் புதைத்தார். அன்று இரண்டு பேருமாகத்தான் தோண்டினார்கள்.

பங்குனியில் இன்னொரு மாடு செத்தது. பிழைத்திருந்த மூன்று கழுகுகளும் பனையில் வந்து உட்கார்ந்தன. எந்த மாடு எதைத் தின்று செத்தது, யார் எதில் எதைக் கலந்தார்கள் என்று இனி அவரால் சொல்ல முடியாது. உரித்த கையோடு குழி தோண்டத் தொடங்கினார். அதற்குள் ஒரு கழுகு, பழகிய மனுஷன்தானே என்று பக்கத்திலேயே இறங்கியது. தனகோடி மண்ணாங்கட்டியை எடுத்து அதன்மேல் எறிந்தார். அது பறக்கவில்லை, இரண்டடி தத்திப் பின்வாங்கி அவரையே பார்த்தது.

"போ... போய்டு" என்று அழுதுகொண்டே, அது எழும்பிப் போகிறவரை எறிந்தார்.

அதற்குப் பிறகு அந்த மேட்டில் கழுகு இறங்கவே இல்லை.