பொத்தான் அழுந்துகிறது, ஒன்றும் நடக்கவில்லை

காலை ஒன்பது பத்துக்கு, ஒஸ்லோ அலுவலகத்தில் என் கைத்தொலைபேசி ஒருமுறை அடித்து நின்றது. கிளிநொச்சித் தொலைபேசிக் கடையிலிருந்து மகள் அப்படித்தான் கூப்பிடுவாள். நான் திருப்பி எடுக்கவேண்டும்.

"அப்பா, பொத்தான் அழுந்துது. ஒண்டும் நடக்குதில்லை."

கணினி வகுப்பில் அவள் நோயாளர் பதிவுக்கு ஒரு திரை செய்துகொண்டிருந்தாள். பொத்தான்கள் சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதப்பட்டவை. அழுத்தினால் நடக்கவேண்டியதை அவள் பைதனில் எழுதியிருந்தாள். மறுநாள் காலை வவுனியா ஆஸ்பத்திரியிலிருந்து பார்க்க வருகிறார்கள். ஓடினால் அங்கே வேலை. அந்த இரு கணினி மொழிகளையும் இணைப்பதுதான் இங்கே என் தொழில். ஆனால் அவளுடைய திரையை நான் பார்க்க முடியாதே. இணைப்பு வரியை மாற்றச் சொன்னேன். வகுப்புக்கு ஓடி, மாற்றிவிட்டு மூச்சிரைக்க வந்தாள். மறுபடியும் மாற்றச் சொன்னேன்.

"தங்கச்சி, எங்களுக்கும் வெளிநாட்டில ஆக்கள் இருக்கினமெண்டு உம்மட அப்பாவிட்டச் சொல்லும்" என்றது வரிசையில் ஒரு குரல். கடை சிரித்தது.

"வகுப்பில ஜெனரேட்டரை நிப்பாட்டப் போகினமாம் அப்பா" என்று அவள் வைத்துவிட்டாள்.

என் முகத்தைக் கண்ட பக்கத்து மேசை நோர்வேக்காரர், வீட்டில் பிரச்சினையா என்றார். பொத்தான் வேலை செய்யவில்லை என்றேன். வாசல் மணி என்று நினைத்து, பற்றரியை மாற்றிப் பார்க்கச் சொன்னார். முன்பு ஊரில், ஸ்கந்தபுரத்தில், தண்ணீர் இறைக்கும் மிசின் நின்றால் நான் கையை உள்ளே விட்டுப் பார்ப்பேன்; மகள் டோர்ச் பிடிப்பாள். பிழை விரலில் தட்டுப்படும்.

மறுநாள் விடிய, ட்ராமில்தான் விளங்கியது. பைதனில் உண்டாக்கிய பொருளை எதுவும் பிடித்துவைத்திராவிட்டால், தேவையில்லையென்று மொழி அதைத் துடைத்துவிடும். மறுபக்கத்தில் பொத்தான் அப்படியே அழுந்தும், பிழைச்செய்தி வராது. சரியாக இருந்த வரியைத்தான் அவளைக்கொண்டு மாற்றுவித்திருக்கிறேன்.

கடைக்கு எடுத்தேன். "வையாதேங்கோ அண்ணை, கூட்டிக்கொண்டு வாறன்" என்று கடைக்காரர் ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஒரு காதில் கிளிநொச்சி பஸ் ஹோர்ன், மறுகாதில் அடுத்த தரிப்பிடத்தின் பெயர். பனிக்குள் இறங்கி நின்றேன்.

வந்தது மனைவி.

"நீங்கள் சொன்னதெல்லாத்தையும் அழிச்சுப்போட்டு, விடியவெள்ளனப் போய்த் தானே எழுதினவளாம். ஓடிட்டுது. வேலையும் சரியாம். உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டவள். கவலைப்படுவியளாம்."