பனிக் கவிதைக்கு மூன்று கதைகள்

நூல் வெளியீட்டுக் கூட்டம் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மேடை ஏறுகிற ஒருவரும் உண்மை பேசுவதில்லை. கவிஞர் தொட்டிலிலேயே கவிதை சொன்னார் என்பார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், போய்விடுவார்கள்.

நாங்கள் வந்து குடியேறிய குளிர் நகரத்தின் டவுன்டவுன் உணவகச் சமையலறையில் பதினெட்டு வருடமாக என்னோடு வேலை செய்யும் நண்பன் போன பனிக்காலம் முதல் கவிதைத் தொகுப்பைப் போட்டான். அறிமுக உரையை என் தலையில் கட்டினான்.

"மச்சான், உன்ர வாய் எனக்குத் தெரியும். சபையில என்னைக் கேவலப்படுத்தினா, பேந்து என்னோட கதைக்க வராதை."

சொன்னால் செய்வான். சொந்தத் தமையனோடு பத்து வருடமாகப் பேச்சில்லை.

அந்த நாட்களில் மகளின் பல்கலைக்கழகப் பாடப்புத்தகம் ஒன்றை மெட்ரோவில் படித்துக்கொண்டிருந்தேன். பழைய அரபுக் கவிஞர்களைப் பற்றி, சில நூற்றாண்டு கழித்து வந்த முஸ்லிம் அறிஞர்கள் எப்படி எழுதினார்கள் என்பதுதான் விஷயம். எழுதியவர்கள் மார்க்கம் கற்றவர்கள். கவிஞர்களில் பலர் இஸ்லாத்துக்கு முந்தியவர்கள். குடி, காதல், வசை, சண்டை என்று வாழ்ந்தவர்கள். அதை அறிஞர்கள் ஒளிக்கவில்லை. எனக்கு இன்னார் சொன்னார், அவருக்கு இன்னார் சொன்னார் என்று கதைக்கு முன்னால் ஆட்களை வரிசையாக நிறுத்தினார்கள். ஒரே சம்பவத்துக்கு இரண்டு கதை கிடைத்தால் இரண்டையும் எழுதிவிட்டு, எது சரியென்று இறைவனுக்கே தெரியும் என்றார்கள். அதனால்தான் அந்தக் கவிஞர்கள் மனிதராகத் தெரிந்தார்கள். நானும் அப்படியே பேசுவதென்று முடிவெடுத்தேன்.

டொலார்ட் என்ற புறநகரில் ஒரு மண்டபம், ஞாயிறு பின்னேரம். நான் எழும்பினேன்.

"தொகுப்பில இருக்கிற பனிக் கவிதைக்கு இரண்டு கதை இருக்கு. பியர்பொன்ட்ஸ் பஸ் தரிப்பில, கொட்டுற பனிக்குள்ள ஒரு மணித்தியாலம் நிண்டு எழுதினதாக் கவிஞர் எனக்குச் சொன்னவர். மற்றக் கதையை எனக்குச் சொன்னது எங்கட சமையல்காரர். அவருக்குச் சொன்னது பாத்திரம் கழுவுற அண்ணை. அதின்படி, கவிஞர் உணவகத்தில இறைச்சி வைக்கிற குளிரறைக்குள்ள பூட்டுப்பட்டு, நடுங்கிக்கொண்டு கோழிப் பெட்டி மட்டையில எழுதினவர்."

மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த அவன் மனைவி உரக்கச் சொன்னார்: "ரெண்டும் பொய்! கார்க் கண்ணாடியில பனி சுரண்டச் சொல்லி நான் ஏசினன். கோவிச்சுக்கொண்டு கராஜுக்குள்ள இருந்து எழுதினவர்."

சிரிப்பு கூடியது. அவன் சிரிக்கவில்லை. எழும்பி என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினான். பதினெட்டு வருட நட்பு போய்விட்டது என்றே நினைத்தேன்.

"குளிரறைக் கதையை அந்த அண்ணைக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. கதவைத் திறந்துவிட்டதே அவர்தானாம்."

கொஞ்ச நேரம் என்னை முறைத்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். "அப்ப மறுக்கேலாது," என்றுவிட்டு, அந்தக் கவிதையையே முதலில் வாசித்தான். அன்று பொன்னாடை போர்த்த வந்தவரின் பேச்சை ஒருவரும் கேட்கவில்லை. அவர் பேசப் பேச எல்லோரும் குளிரறையைப் பற்றியே கதைத்தார்கள்.

மறுநாள் வேலையில் என் பிரதியை நீட்டிக் கையெழுத்துக் கேட்டேன். ஈரக் கையைத் துடைத்துவிட்டு எழுதினான்: "மூன்று கதையும் இருக்கட்டும். ஆனால் அது கோழிப் பெட்டி இல்லை, இறால் பெட்டி."