காலியாக இருந்த கட்டம்

பினாங்குத் தீவைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பெய்த மழையைக் கம்ப்யூட்டர் புரோகிராமில் சராசரி எடுப்பது என் வேலை. தொண்ணூறுகளில் ஒரு காலை, மலைப்பக்கக் கட்டம் ஒன்று காலியாக இருந்தது. எண் வராத கட்டத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போடச் சொல்லி ஒரு வரி எழுதுவோம். எழுதினேன். ‘மிதமான மழை’ என்று வந்தது.

பக்கத்து மேசை கமலாக்கா எட்டிப் பார்த்தார்.

“அது ராமண்ணன் மழை அளக்குற இடம்லா. காய்ச்சல்னாலும் போன் பண்ணிச் சொல்லிடுவாரே!”

“லைன் கட்டாயிருக்கும்லா, அக்கா,” என்றேன்.

மதியம்தான் தெரிந்தது. விடியற்காலையில் மண் சரிந்து, மழைமானியும் அவர் வீடும் புதைந்துபோயிருந்தன. வீட்டுக்குள் அவரும்.

என் திரையில் அப்போதும் மிதமான மழைதான்.

இன்றைக்கும் கட்டம் காலியாக இருந்தால், அந்த வரியை எழுதுமுன் போனை எடுக்கிறேன். மறுமுனையில் யாராவது ‘ஹலோ’ சொல்லும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.