குழுவிலிருந்து என்னை எடுத்தது யார்?

கீழவாஞ்சூரில் எங்கள் மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் துறைமுகத்திலிருந்து பறந்து வந்த நிலக்கரித் தூசி. படமெடுத்துத் தெருக்காரர்களின் செல்போன் குழுவில் போட்டேன். மறுநாள் என் போனில் அந்தக் குழுவே இல்லை. யார் நீக்கினார், யார் சேர்த்தார் என்று அந்தச் செயலி காட்டாது.

அட்மின்களில் ஒருவர் எதிர்வீட்டு அக்கா; லாத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் கேட்டேன். "நான் எடுக்கலம்மா. ஏழெட்டு அட்மின் இருக்கோம், யார் எடுத்தாங்களோ" என்றார்.

அடுத்த வாரம் என் தோழி ஹலீமா மவுத்தான சேதி அந்தக் குழுவில்தான் வந்திருக்கிறது. எனக்குத் தெரிவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அழுகைகூட வரவில்லை.

பள்ளிப் பெற்றோர் குழுவுக்கு நானும் அட்மின். இப்போதெல்லாம் யாரையாவது நீக்கும் முன் அவருக்குப் போன் செய்து, காரணத்தையும் நீக்குவது நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தெருக் குழுவில் என்னைத் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். யாரென்று லாத்தாவிடம் கேட்டேன்.

"நான் சேர்க்கலம்மா" என்றார்.