உப்புல என்னடி வேற உப்பு?

விளக்கு வைத்த பிறகு ஸ்ரீரங்கத்துக் கடையில் உப்பு என்று வாய்விட்டுக் கேட்கக்கூடாது. பினாங்கில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் எனக்கு அது தெரியாது. ஒரு சாயங்காலம் போய்க் கேட்டேன். கடைக்காரர் காது கேளாதவர்போல் புளியை நிறுத்துக்கொண்டிருந்தார். இன்னும் உரக்கக் கேட்டேன். வெறுங்கையோடு வந்து சொன்னதும் அத்தை, அதான் என் மாமியார், தலையில் அடித்துக்கொண்டார். "வெளக்கு வெச்சப்புறம் எவளாச்சும் அந்தப் பேரைச் சொல்லுவாளாடி? லட்சுமி போயிடுவா!" மலாயில் உப்புக்குக் ‘காரம்’ என்று பெயர். அதைச் சொல்லியிருந்தால் மிளகாயை நீட்டியிருப்பார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் பகலிலும் அந்தப் பேச்சில்லை. திருவெறும்பூர்த் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. முகமும் காலும் வீங்கின. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டாக்டர், "நீர்ல உப்புப் போகுது. சாப்பாட்டுல உப்பைக் குறைக்காட்டி ஆளு தாங்காதும்மா" என்றார். குறைத்தேன். வீக்கம் குறையவில்லை. தினமும் அவர் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்ப்பேன். விழுந்த குழி லேசில் எழும்பாது.

ஒருநாள் அடுப்படியில் அத்தை என் கணவருடைய மோரில் உப்பை அள்ளிப் போட்டுக் கலக்குவதைப் பார்த்துவிட்டேன். பல நாளாக நடக்கிறதாம். அவரும் வாயைத் திறக்கவில்லை, ருசியாக இருந்ததாம்!

"நீர்ல உப்புப் போகுதுன்னு டாக்டரே சொன்னாரே! போறதை ஈடு கட்ட வேண்டாமா? நீ பினாங்குக்காரி, உனக்கு நம்ம பேச்சு எங்க புரியும்?"

"அது வேற உப்பு, அத்தை."

"உப்புல என்னடி வேற உப்பு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளே பஸ் பிடித்து அத்தையை டாக்டரிடம் கூட்டிப்போனேன். "உடம்புச் சத்து நீரோட போகுதும்மா. ஊர்ல அதுக்கு உப்புன்னு பேரு வெச்சுட்டாங்க. நீங்க போடற உப்பு வீக்கத்தைத்தான் கூட்டும்" என்றார் டாக்டர். திரும்பும்போது, காவிரிப் பாலத்தில், "பேரு வெச்சவன் நாசமாப் போக" என்று அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்றே உப்பு ஜாடி பரணேறிவிட்டது. மூன்று பேருக்கும் ஒரே சாப்பாடு. வீக்கம் மெல்ல வற்றுகிறது. மருந்தை மறந்ததற்கு நான் திட்டினால் இவர் சிரிக்கிறார்: "உப்புப் போட்டுத் தின்னாத்தானே ரோஷம் வரும்?"

போன வாரம் என் தங்கை பினாங்கிலிருந்து ‘ஈக்கான் பிலிஸ்’ அனுப்பியிருந்தாள், நெத்திலிக் கருவாடுதான். சாயங்காலம் கிணற்றடியில் ஒளிந்து நின்று ஒன்றை வாயில் போட்டேன். கண் கலங்கிவிட்டது. பின்னால் அத்தை.

"என்னடி அது?"

"உப்பு..." என்று ஆரம்பித்தேன்.

"வெளக்கு வெச்சாச்சு. பேரைச் சொல்லாம எனக்கும் ஒண்ணு குடு" என்று கையை நீட்டினார்.

பினாங்கு உப்பு நாக்கில் கரையும்வரை இருவரும் கிணற்றடியிலேயே நின்றோம். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு, அவருக்குச் சோறு போட உள்ளே போனோம்.