கல்லாகிப் போன செருப்பும் பாஸு செய்த சத்தியமும்

பாலைவனத்து அல்னீஃப் மலையில் நாற்பது வருஷம் கல் உடைத்தவன் பாஸு. தகப்பன் வழியில் எல்லாரும் ஆடு மேய்த்தவர்கள். தாய்மாமன்கள் மூன்று பேர், மூவரும் கிணறு வெட்டினவர்கள். தோண்டுகிற புத்தி அங்கிருந்து வந்தது. பாறைக்குள் கல்லாகிச் சுருண்டு கிடக்கும் முள்ளுப்பூச்சியை ஊசியால் கீறிக் கீறி, ஒரு முள்கூட ஒடியாமல் வெளியே எடுப்பான். அது எப்படிக் கல்லானது என்று கேட்டால் மட்டும், "மூணு மழை பெஞ்சா போதும்" என்பான்.

அவன் மனைவி இத்தோவின் அண்ணன் ஹத்து. கல் வாங்க வரும் படித்தவர்களோடு பேசிப் பழகியவன்.

"மச்சான், அது முப்பத்தொம்பது கோடி வருஷத்துக்கு முன்னால கடல்ல திரிஞ்ச பூச்சி. சேத்துல புதைஞ்சு, அந்தச் சேறே பாறையாகணும்."

"கடலா? இங்கயா? தண்ணி வண்டி வரவே ஒரு வாரம் ஆகுது, இவரு கடலைக் கொண்டு வந்துட்டாரு!"

சீக்கிரமே கல்லாகும் என்று காட்ட, பாஸு ஒரு பழைய செருப்பை மலையடிச் சுண்ணாம்பு ஊற்றில் போட்டு வைத்தான். எட்டாம் மாதம் எடுத்தபோது, கருங்கல் போலக் கனத்தது. நேராகச் சந்தைக்கு எடுத்துப்போய் ஹத்துவின் முன்னால் வைத்தான்.

"பாருடா, கோடிக்காரா! இது உள்ளேயும் கல்லு இல்லேன்னா, அல்லா மேல சத்தியம், இனி நான் தேத்தண்ணியத் தொடமாட்டேன்!"

தேநீரைப் பந்தயம் வைத்தவனை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை.

ஹத்து சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினான். மேலே படிந்திருந்த சுண்ணாம்பு ஓடு உடைந்தது. உள்ளே தோல் செருப்பு, ஈரங்கூடக் காயாமல்.

"ஐயோ, என் செருப்பு!" என்று பாய்ந்து வந்தாள் இத்தோ. "எட்டு மாசமா நாய்தான் தூக்கிட்டுப் போச்சுன்னு அதைத் திட்டித் தீத்தேனே, பாவி மனுஷா!"

மறுநாள் மதியத்துக்குள், தேநீர் இல்லாமல் பாஸுவுக்குத் தலை வெடித்தது. பள்ளிவாசல் இமாமிடம் ஓடினான்.

"பத்து ஏழைக்குச் சோறு போடு, சத்தியம் கழியும்" என்றார் அவர்.

ஆனால் அந்த ஊரில் யார் தன்னை ஏழை என்று ஒத்துக்கொள்வான்? கிழிந்த ஜிலாபா அங்கி போட்டுத் தெருவில் போன ஸாயித்தைச் சாப்பிடக் கூப்பிட்டான்.

"நானா ஏழை? எங்கிட்ட ரெண்டு கழுதை இருக்குடா! உங்கிட்ட இருக்கிறது ஒத்தைச் செருப்புதான்!"

மறுபடியும் இமாமிடம் போய் அழுதான். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்ப மூணு நாள் நோன்பு இரு" என்றார்.

இருந்தான். மூன்றாம் நாள் சூரியன் மறைந்ததும் இத்தோ தேநீர் ஊற்ற ஊற்ற, நான்கு கிளாஸ் மடமடவென்று குடித்தான்.

"இப்ப சொல்லு மச்சான், எத்தனை வருஷம்?" என்றான் ஹத்து.

"அம்பது கோடின்னாலும் சரி, வச்சுக்கோடா. ஆனா இனிமே நான் சத்தியம் பண்றதுன்னா, எனக்குப் பிடிக்கவே பிடிக்காத நூக்கோலைத் தின்னமாட்டேன்னுதான் பண்ணுவேன்."